காய்ந்த ரோஸ்மேரி: ஊறவைப்பதா, நுணுக்குவதா?

வணக்கம். இத்தாலியச் சமையல் பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன். ஞாயிற்றுக்கிழமை ஃபொக்காச்சியா ரொட்டி சுடப் போகிறேன். கைவசம் காய்ந்த ரோஸ்மேரிதான் இருக்கிறது. பச்சை இலை ஒரு மேசைக்கரண்டி என்றால் காய்ந்தது ஒரு தேக்கரண்டி போதும், அளவு பிரச்சினை இல்லை. சிக்கல் இலைதான். ஊசி மாதிரி விறைத்து நிற்கிறது. மேலே தூவிச் சுட்டால் கருகிக் கசக்கிறது, பல்லிடுக்கில் வேறு குத்துகிறது. ஆலிவ் எண்ணெயை இளஞ்சூடாக்கி அதில் ஊறவைக்கலாமா, இல்லை உரலில் நுணுக்கி மாவோடு பிசையலாமா? நுணுக்கினால் அந்தக் கற்பூர வாசம் தூக்கலாகிவிடுமோ என்று தயக்கம்.

அப்புறம், இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் கஷ்கொட்டை (செஸ்ட்நட்) மாவில் செய்கிற கஸ்தன்யாச்சோ கேக்குக்கும் இதையே தூவலாமா, பச்சை இலைதான் வேண்டுமா? ஆட்டுக்கறி யோசனைகள் மட்டும் வேண்டாம், வீட்டில் எல்லாரும் சைவம்.