எடை ஏற்றும் ஜிம்னிக்கு லிஃப்ட்: ஸ்பிரிங், ஷாக், புஷ் தேர்வில் கண்டவை

லிஃப்ட் கிட்டுக்கு (வண்டியின் உயரத்தைக் கூட்டும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு) பணம் கட்டும் முன் வண்டியை எடை மேடையில் ஏற்றிவிடுங்கள். ஐந்து கதவு மாருதி ஜிம்னியின் வெற்று எடை கிட்டத்தட்ட 1,200 கிலோ. அனுமதித்த மொத்த எடை 1,545. மிச்சம் 340 சொச்சம். 70 கிலோ ஆள் நாலு பேர் உட்கார்ந்தால் அதில் 280 போச்சு. மீதி அறுபதில்தான் கூரைக் கூடாரம், ஃபிரிட்ஜ், தண்ணீர் கேன் எல்லாம். எவ்வளவு தடித்த ஸ்பிரிங் போட்டாலும் அந்த 1,545 ஏறாது. பிரேக்கும் ஆக்சிலும் சேஸிஸும் பழையவைதானே.

டேங்க் நிரப்பி, பயணத்துக்கு எடுத்துப்போகும் அத்தனையும் ஏற்றி, ஆட்களோடு முதலில் முழு வண்டியை நிறுத்துங்கள். அடுத்து முன் சக்கரங்கள் மட்டும், பிறகு பின் சக்கரங்கள் மட்டும். ஸ்பிரிங் தேர்வுக்கு வேண்டியது இந்த இரண்டு தனி எண்கள்தான்.

பொருள் எங்கே தொங்குகிறது என்பதும் கணக்கு. ஜிம்னியின் வீல்பேஸ் 2,590 மி.மீ. பின் ஆக்சிலுக்கு 700 மி.மீ. பின்னால் கதவில் 60 கிலோ மாட்டினால் பின் ஆக்சில் மேல் இறங்குவது 76 கிலோ. முன்பக்கம் 16 கிலோ லேசாகிவிடும். முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கயிற்று மோட்டார்) மாட்டினால் இதே கதை தலைகீழாக. (இரும்பு புல் பார் ஆசை இருந்தால்: அதை அனுமதிக்கக் கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியாயிற்று.)

* * *

மேலே சொன்ன எண்கள் கையில் இருந்தால் ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் தடித்த வட்டு) ஏன் எடைக்கு மருந்தில்லை என்பது புரியும். ஸ்பேசர் உயரம் தரும், பலம் தராது. ஒரு ஸ்பிரிங்கின் ரேட், அதாவது அதை ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை, மி.மீ.க்கு 25 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலில் கூடுதலாக 150 கிலோ, ஸ்பிரிங்குக்கு 75. இறக்கம் 29 மி.மீ. 50 மி.மீ. ஸ்பேசர் போட்டவருக்குக் கடைசியில் மிஞ்சுவது 21. போதாக்குறைக்கு, பம்ப் ஸ்டாப்பையும் (ஆக்சில் மேலே வந்து முட்டும் ரப்பர் கட்டை) அதே அளவு இறக்காமல் விட்டால் பெரிய பள்ளத்தில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும். அந்த 'டங்' சத்தத்தை ஷாக் போய்விட்டது என்று நினைத்து ஷாக் மாற்றுகிறவர்கள் நிறைய.

நிரந்தரச் சுமைக்கு ரேட் கூடிய ஸ்பிரிங்தான் வழி. கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ரேட் ஏறும்: சுருள் விட்டமும் எண்ணிக்கையும் மாறாமல் 12 மி.மீ. கம்பி 13 ஆனால் 38 சதவீதம் கூடுதல். கண்ணுக்குத் தெரியாத ஒரு மி.மீ.தான். ஆகவே கடைக்காரர் "ஹெவி டியூட்டி" என்றால் விடாதீர்கள், எத்தனை கிலோவுக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை.

சுமையை அதிகமாகச் சொல்லி வாங்குவதும் தப்பு. 150 கிலோ ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு வாரம் முழுக்க காலியாக ஆபீஸ் போனால், பின்பக்கம் ஒவ்வொரு வேகத்தடையிலும் உதைக்கும், ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும். மாதம் ஒருமுறை மட்டும் சுமை என்றால் நடுத்தர ஸ்பிரிங்கோடு, காயிலுக்குள் வைக்கும் காற்றுப்பை உண்டு. காலி வண்டியிலும் அதில் 5 பி.எஸ்.ஐ. காற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் சுருள் கடித்துக் கிழித்துவிடும். பம்ப் ஸ்டாப் காயிலுக்குள்ளேயே இருக்கும் வண்டியில் சாதாரணப் பை உட்காராது.

* * *

ஷாக் நீளத்தைப் பெட்டி மேல் எழுதியதை நம்பி வாங்காமல் அளந்து வாங்குங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரை தூக்கி, ஷாக்கின் மேல் கீழ் மவுண்ட்டுகளுக்கு இடையே அளவெடுங்கள். புது ஷாக் முழுதாகச் சுருங்கிய நீளம் இதைவிட 10–15 மி.மீ. குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஷாக்கே பம்ப் ஸ்டாப் வேலை பார்த்து மவுண்ட்டைப் பிய்த்துவிடும். அடுத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், டிஃப் பிரீதர் குழாய் (ஆக்சிலின் காற்றுக் குழாய்) மூன்றும் இழுபடுகிறதா, ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவுகிறதா என்று பாருங்கள்.

ஜிம்னியின் முன் ஆக்சில், அதைச் சேஸிஸோடு இணைக்கும் ஆர்மோடு சேர்ந்து சுழலும். ஆர்ம் 800 மி.மீ. என்று கொண்டால் 50 மி.மீ. தூக்கலுக்கு மூன்றரை டிகிரி கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். இதற்குக் கேஸ்டர் கரெக்‌ஷன் புஷ் (ஆர்ம் முனையில் உள்ள ரப்பர் உருளை) வேண்டும். வீல் அலைன்மென்ட் கடையில் ஸ்டியரிங்கை நேராக்கித் தருவது இதைத் தீர்க்காது. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் லேட்டரல் ராடால் ஆக்சில் 5–10 மி.மீ. பக்கவாட்டில் நகரும், அதற்கு நீளம் மாற்றும் ராடு.

இன்னொன்று, பட்டறைகள் அடிக்கடி கோட்டைவிடுவது: ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடு ஒட்டியது. தொங்கும் கோணத்தில் இறுகிவிட்டு, வண்டி தரையில் நிற்கும்போது அது எந்நேரமும் முறுகியபடியே இருக்கும். சில மாதத்தில் உள் குழாயை ஒட்டி பிறை வடிவில் விரிசல் தெரியும். போல்ட்டைக் கையால் மாட்டி, சக்கரம் தரையில் நின்றபின், வண்டியை நாலைந்து முறை அமுக்கி ஆட்டிவிட்டு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள்.

* * *

மாருதி ஜிப்ஸிக்காரர்களுக்கு: லீஃப் (பட்டை) ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினால் தூக்கல் 25 தான், ஆக்சிலுக்குள் நுழையும் பினியன் தண்டின் கோணமும் கெடும். எடைக்கு லீஃப் பட்டை சேர்ப்பதே சரி. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் பழைய யூ போல்ட் திரும்ப ஆகாது. புதிதை 500 கி.மீ.யில் மறுபடி இறுக்க வேண்டும்.

மஹிந்திரா தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் அமைப்பு) என்பதால் ஸ்பேசர் தடிமனைவிடச் சக்கரத்தில் வரும் தூக்கல் அதிகம். டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணம் கூடினால் முதலில் கிழிவது அதை மூடியிருக்கும் ரப்பர் பூட்.

ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படியான மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. கிட் வாங்கும் முன்பே ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் காற்றைப் பொறுத்து மாறும். ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, நாலு மூலையும், மாட்டிய அன்றும் 1,000 கி.மீ. கழித்தும். வலம் இடம் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும் குறியைப் பாருங்கள். பல கிட்டுகளில் ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங் வேறு, அது இடம் மாறியிருக்கும்.