மறு: ‘ஆஃப்டர்மார்க்கெட்’ கார்புரேட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வண்டியோடு வராமல் பிறகு வாங்கி மாட்டும் உறுப்பை ஆங்கிலத்தில் ஆஃப்டர்மார்க்கெட் என்கிறார்கள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அப்படி வந்தால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே பேச்சு நடக்கிறது. மூன்று நாளாக வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். ‘பின்சந்தை உறுப்பு’ என்ற சொல்லுக்கு நான்கு பேர் தலையசைத்த பிறகு கை சும்மா இருக்க மறுக்கிறது.

பாளையங்கோட்டையில் யாரிடமாவது பின்சந்தை என்று சொல்லிப் பாருங்கள். மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்குப் பின்பக்கம் உள்ள கடையைக் கேட்கிறீர்கள் என்று நினைத்து வழி சொல்வார். ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து, துண்டுக்கொரு தமிழ்த் துண்டை வைத்துக் கட்டினால் இப்படித்தான் வழி தவறிப்போகும். நேற்று ஒருவர் முன்வைத்த ‘பிறவுறுப்பு’ எழுத்தில் குற்றமற்றது. அதை வேகமாக வாய்விட்டுச் சொல்லி, வீட்டில் உள்ளவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மறுபரிசீலனை செய்யட்டும்.

சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அப்பா விட்டுப்போன 1971ஆம் ஆண்டுப் புல்லட் 350 ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் இருந்தது பழைய அமால் கார்புரேட்டர். காலையில் வண்டியை உதைக்குமுன், பெட்ரோல் கிண்ணத்தின் மேலுள்ள சிறு பொத்தானை அழுத்தி மிதவையை அமுக்க வேண்டும். பெட்ரோல் கசிந்து விரல்நுனி ஈரமானால் போதும் என்பது அப்பாவின் அளவு. நான் பள்ளிக்கூடம் போகும் நாட்களில் அவர் கைக்குட்டையில் அந்த வாசனை எப்போதும் இருக்கும்.

ஐம்பது வருடத்தில், ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் ஸ்லைடும் அது ஓடும் குழியும் தேய்ந்துபோயின. கையில் எடுத்துக் குலுக்கினால் கடகடவென்று சத்தம். பக்கவாட்டு இடைவெளியில் காற்று புகுந்தால் வண்டி ஸ்லோவில் நிற்காது. வண்ணார்பேட்டை சிக்னலில் ஒன்று அணைந்துபோகும், இல்லையென்றால் ஊரைக் கூட்டும்.

முதலில் 28 மில்லிமீட்டர் வாயுள்ள கார்புரேட்டர் ஒன்றை வாங்கினேன். வாய் பெரிதானால் வேகம் கூடும் என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். பாபநாசத்தில் பாறை இடுக்கில் சீறுகிற அதே தாமிரபரணி, குறுக்குத்துறையில் அகன்று மெதுவாக நடப்பதை வாரந்தோறும் பார்ப்பவனுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. கழுத்து அகலமானால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்று குறுக்குத்துறை ஆறாகிவிடுகிறது. இழுவை போதாது. மேம்பாலம் ஏறும்போது திடீரென்று திருகினால் வண்டி ஒரு முறை விக்கி, யோசித்து, பிறகு கிளம்பும்.

கடைசியில் மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டர் வந்தது. விஎம் வரிசையில் பெயரோடு வரும் எண், வாயின் அளவு. எஞ்சின் தலையின் வாயும் புதிய கார்புரேட்டரின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு இடைத்துண்டு கடைந்து வாங்கினோம். உள்ளே விரலை விட்டுத் தடவினால் எந்த இடத்திலும் படி தட்டக்கூடாது என்று மெக்கானிக் அண்ணாச்சி இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை மாட்டியதும் வண்டி உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் திருகி விட்டால் சத்தம் இறங்க நேரம் எடுத்தது. சைலன்சரில் பட் பட்டென்று வெடித்தது. “ஏர் இழுக்கிறது” என்றார். இடைத்துண்டின் விளிம்பில் சோப்புத் தண்ணீரை விரலால் தெளித்தார். ஒரு பக்கம் மட்டும் நுரை உள்ளே உறிஞ்சப்பட, எஞ்சின் சத்தம் மாறியது. கண்ணுக்குத் தெரியாத கோணல். கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கெட் வைத்தபின் அடங்கியது.

ஜெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமால் ஜெட்டில் உள்ள எண், ஒரு நிமிடத்தில் அதன் வழியே ஓடும் பெட்ரோலின் கன சென்டிமீட்டர். ஜப்பானியத் தயாரிப்பான கெய்ஹின் ஜெட்டில் உள்ள எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. இரண்டிலும் 110 என்று இருந்தால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. எண்ணை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்கின் முகத்தைப் பாருங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம். எனக்கு வெளுத்துத்தான் வந்தது. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே அதே காற்றுக்கு எரிபொருள் சற்று கூடுதலாகப் போக வேண்டும். ஸ்லைடில் தொங்கி ஜெட்டின் வழியை அடைத்தும் திறந்தும் பெட்ரோலை அளக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினோம். ஊசி உயர்ந்தது, நிறம் இளம்பழுப்புக்கு வந்தது.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. சித்தப்பா மகனிடம் பிறகு வந்த புல்லட் ஒன்று இருக்கிறது. அதில் இதே விஎம் 24 தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அவன் வண்டியில் அது கம்பெனி சாமான். என் வண்டியில் ஆஃப்டர்மார்க்கெட். பொருள் ஒன்றுதான், ஒரு திருகுகூட வேறில்லை. அப்படியானால் நாம் தேடும் சொல் பொருளின் குணத்தைச் சொல்லக்கூடாது. அது எந்த வண்டியில் ஏறியது என்ற உறவைச் சொல்ல வேண்டும். சந்தையைச் சொல்லும் சொற்கள் எல்லாம் இங்கேதான் தோற்கின்றன.

பட்டறையில் மூன்று பேச்சு உண்டு: கம்பெனி சாமான், டூப்ளிகேட், வேறு வண்டிச் சாமான். மூன்றாவதற்கு நம் தோட்டத்திலேயே சொல் இருக்கிறது. கடையம் பக்கம் என் மாமா மாங்கன்று கட்டுவார். நாட்டு மாவின் தண்டும் நல்ல சாதிக் குச்சியும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். சீவிய முகங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். காற்றும் தண்ணீரும் புகாமல் பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். லேத் பட்டறையில் அண்ணாச்சி என்னைப் படுத்திய பாடு அத்தனையும் இதில் இருக்கிறது. தன் மரத்தில் இருக்கும்வரை அந்தக் குச்சியை யாரும் ஒட்டு என்பதில்லை. இன்னொரு வேரின் மேல் ஏறிய பிறகுதான் அது ஒட்டு.

எனவே என் முன்மொழிவு: ஒட்டுறுப்பு. வண்டியோடு வந்தது உடனுறுப்பு. கம்பெனி சாமான் என்று ஏமாற்றி விற்பது போலி உறுப்பு. கார்புரேட்டரைக் கலப்பி என்பதில் எனக்குத் தகராறு இல்லை. அந்த ஐரோப்பியச் சொல்லின் வேர் கரியோடு சேர்ப்பது என்ற பொருளுடையது. நாம் கரியை விட்டுவிட்டு வேலையைப் பெயராக்கியது நல்லதுதான். ஆக, ஒட்டுக் கலப்பி.

பாளையங்கோட்டையிலிருந்து,
புல்லட்காரன்

* * *

ஐயா,

மாங்கன்று உவமை நன்று. இரண்டு ஆட்சேபங்கள்.

ஒன்று, ஒட்டு என்றதும் எனக்கு மா நினைவுக்கு வரவில்லை, பஞ்சர் கடைதான் வந்தது. ஒட்டுக் கலப்பி என்றால் உடைந்ததை ஒட்டிய கலப்பி என்று படிப்பவர்கள் இருப்பார்கள்.

இரண்டாவது கனமானது. என் ஸ்கூட்டருக்கு வேறு நிறுவனம் செய்த பிரேக் ஷூ வாங்கினேன். அதே அளவு, அதே வண்டிக்கென்றே செய்தது, அட்டையில் தன் பெயரை நேர்மையாகப் போட்டிருக்கிறது. லேத் இல்லை, இடைத்துண்டு இல்லை. அதுவும் ஆஃப்டர்மார்க்கெட்தான். அது எந்த மரத்தில் ஒட்டு?

மதுரையிலிருந்து,
ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியன்

* * *

ஐயாவுக்கு வணக்கம்.

பஞ்சருக்குப் பதில் இருக்கிறது: ஒட்டு மாம்பழம் வாங்கும் யாரும் அதைப் பசை போட்டு ஒட்டியது என்று நினைப்பதில்லை. பக்கத்துச் சொல் பொருளைக் காட்டிவிடும்.

பிரேக் ஷூவுக்குப் பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி. அந்த ஆங்கிலச் சொல் இரண்டு வேறு பொருள்களை ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறது: இந்த வண்டிக்கென்றே வேறொருவர் செய்தது, வேறொன்றுக்குச் செய்ததை இந்த வண்டிக்குப் பொருத்தியது. சாக்குக்குச் சமமாக ஒரு தமிழ்ச் சாக்கைத் தேடியதுதான் நான் செய்த பிழை. முதலாவதற்கு ‘அயலாக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? அயல் என்றால் வெளிநாடு என்று தோன்றும் என்பார்கள்; எங்கள் தெருவில் அயலார் என்றால் இன்னும் அடுத்த வீட்டுக்காரர்தான். இரண்டாவதற்கு ஒட்டுறுப்பு நிற்கட்டும். 28 வாங்கி நான் பட்ட அவதி எல்லாம் இரண்டாவது வகையில் மட்டும்தான் வரும். வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டிய வேறுபாடும் அதுதான்.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனபோது அண்ணாச்சியிடம் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். அயலாக்கத்தைக் காதில் வாங்கவே இல்லை. ஒட்டு என்றதும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சொல் சரிதான் தம்பி. ஆனால் வண்டிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். ஒட்டு என்று காதில் விழுந்தால் கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்வார்.”

பாளையங்கோட்டையிலிருந்து,
புல்லட்காரன்