புதுப்பிப்பு: குறுக்குத்துறையில் பிள்ளைகள் எண்ணும் குப்பை

தாமிரபரணிக் கரையில் பிள்ளைகளைக் குப்பை பொறுக்க வைப்பதோடு நிறுத்தாமல் அதை எண்ணவும் வைப்பது எப்படி என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நண்பர்கள் சொன்னபடியே திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் கயிறு பிடித்து 100 மீட்டர் அளந்து தொடங்கினோம். முதல் வாரக் கணக்கு வீணாயிற்று, ஏனெனில் ஒரே ஷாம்பு பாக்கெட்டை ஒருவன் ‘கவர்’ என்றும் இன்னொருவன் ‘பிளாஸ்டிக்’ என்றும் எழுதியிருந்தான் (தவறு என்னுடையதே). பிறகு வகைக்கு ஒரு மாதிரியை அட்டையில் ஒட்டிக் கொடுத்தோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளுக்கும் ஒரு கட்டம் உண்டு. அது ஒரு வாரம்கூடக் காலியாக இருந்ததில்லை.

படித்துறை இடுக்கில் கிடந்த, யாரோ பல்லால் கடித்துக் கிழித்த பாக்கெட் முனையைக் காட்டி, “இதையும் ஒண்ணுன்னு எண்ணணுமா, சார்?” என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். அது முழுப் பாக்கெட்டும் அன்று. 5 மில்லிமீட்டருக்குக் குறைவானதையே நுண்நெகிழி என்பதால் அந்தக் கணக்கிலும் வராது. ஆகவே முனைகளுக்கென்று தனிக் கட்டம் சேர்த்திருக்கிறோம்.