செம்மறிக் குட்டிக்குக் காளான் தூள்: புழு போகுமா, காசு போகுமா?

மணலி மந்தைக்காரன்:
என்னிடம் 14 மெட்ராஸ் சிவப்பு இனத் தாய் ஆடுகள், 9 குட்டிகள். போன மழையில் வயிற்றுப் புழுவால் இரண்டு குட்டி போய்விட்டன. தாடை வீங்கி, கண் இமை உள்பக்கம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. அப்புறம் பக்கத்துத் தெருவில் சிப்பிக் காளான் வளர்ப்பவர், விற்காத காளானையும் அறுவடை முடிந்த படுக்கை வைக்கோலையும் சும்மா கொடுத்தார். காளானைக் காயவைத்துத் தூளாக்கி, குட்டிக்கு 5 கிராம் வீதம் தவிட்டில் பிசைந்து கொடுக்கிறேன். வைக்கோலையும் போடுகிறேன். ஒன்றரை மாதமாகக் குட்டிகள் துள்ளுகின்றன. இனி ஒவ்வொரு தடவையும் புழு மருந்து எதற்கு? எல்லோரும் இதற்கு மாறலாம் என்கிறேன்.

வியாசர்பாடி கணக்கு:
அண்ணா, உங்களுக்குச் சும்மா கிடைத்தது. கடையில் வாங்குகிறவன் என்ன செய்வான்? காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிலோ தூளுக்குப் பச்சைக் காளான் 10 கிலோ வேண்டும். அந்தக் காசுக்குக் கடலைப் புண்ணாக்கு மூட்டையே வரும். அதோடு, மழை நின்றாலே புழுத்தொல்லை குறையும். உங்கள் குட்டி காளானால் துள்ளுகிறதா, வெயிலால் துள்ளுகிறதா?

மணலி மந்தைக்காரன்:
தம்பி, புண்ணாக்கில் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து இருக்கிறதா? காளானில் இருக்கிறது, நோய் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது. அதோடு சிப்பிக் காளான் புழுவைக் கொன்று தின்னும் ஜாதி. 1984லேயே கனடாக்காரர்கள் இருவர் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். நான் ஒன்றும் கதை விடவில்லை.

செங்குன்றம் காளான் அக்கா:
பத்து வருஷமாகக் காளான் போடுகிறேன், எனக்கும் விற்காத காளான் மிஞ்சுகிறது. காளானுக்கு எதிராகப் பேச எனக்கு ஆசையா என்ன?

புழுவைக் கொல்வது உண்மைதான். ஆனால் கொல்வது நாம் பறிக்கும் குடை இல்லை, வைக்கோலுக்குள் ஓடும் உயிருள்ள இழை. அந்த இழையில் இருக்கும் மிகச் சிறிய குமிழ்களில் விஷம் இருக்கும், தொட்ட நூற்புழு வாதம் வந்ததுபோல் விறைத்துவிடும். மொட்டை மாடியில் காய்ந்த தூளில் அந்த உயிர் ஏது? குட்டியின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு ஒன்று நாளைக்கு 0.05 மில்லி உறிஞ்சும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. இதை 5 கிராம் தூளை நம்பி விடலாமா?

அதைவிட அந்த வைக்கோல்தான் எனக்குப் பயம். கேளுங்கள், அவர் கிருமி சாக வைக்கோலை வேகவைக்கிறாரா, மருந்தில் ஊறவைக்கிறாரா? எங்களில் பலர் 100 லிட்டர் தண்ணீரில் 7.5 கிராம் கார்பென்டசிம், 125 மில்லி ஃபார்மலின் கலந்து ஊறவைப்போம். அந்தப் படுக்கையை ஆட்டுக்குப் போடாதீர்கள், தம்பி.

வியாசர்பாடி கணக்கு:
அக்கா, கார்பென்டசிமும் ஆட்டுக்கு நாம் ஊற்றும் புழு மருந்து அல்பெண்டசோலும் ஒரே குடும்பம்தானே? மணலி அண்ணன் குட்டி துள்ளுவது எதனால் என்று இப்போது யார் சொல்வது :)

செங்குன்றம் காளான் அக்கா:
சிரிக்காதே. ஒரே குடும்பம் என்றால் ஒரே வேலை என்று அர்த்தமில்லை. கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி. எலிகளில் விந்தணுவைக் கெடுக்கும் என்று தெரிந்த மருந்து. கிடா வளர்க்கிறவர்கள் யோசிக்க வேண்டாமா?

எண்ணூர் மேய்ச்சல்:
ஒரு பக்கம் மட்டும் பேசுகிறீர்கள். சுடுதண்ணீரில் வேகவைத்த வைக்கோல் என்றால் நல்ல தீவனம்தான். வைக்கோலைக் கெட்டியாக்கும் லிக்னினைக் காளான் இழை தின்றுவிடுவதால் மென்மையாகிவிடும். பச்சைப் பூஞ்சை பிடித்த படுக்கையை மட்டும் தள்ளிவிடுங்கள். அப்புறம், பாலோடு இருக்கும் சின்னக் குட்டிக்கு அசைபோடும் வயிறு இன்னும் முழுதாக வேலை செய்யாது. பெரிய ஆட்டில் அங்கேயே நுண்ணுயிர் சிதைத்துவிடும் சத்து, குட்டிக்குக் குடல்வரை போய்ச் சேர வாய்ப்புண்டு. குட்டிக்குத் தூள் முழு வீண் என்று சொல்ல மாட்டேன்.

மணலி மந்தைக்காரன்:
இப்போதுதான் கேட்டு வந்தேன். மருந்தில் ஊறவைத்ததுதானாம்! "நீங்க கேக்கலையே" என்கிறார். வைக்கோலை நிறுத்திவிட்டேன். தூளை விட மனசில்லை. 5 குட்டிக்குக் கொடுக்கிறேன், 4 குட்டிக்கு இல்லை, வாராவாரம் எடை போடுகிறேன்.

வியாசர்பாடி கணக்கு:
அப்படி வாருங்கள். தராசு இல்லையென்றால் சொல்லுங்கள், காசிமேட்டில் மச்சானிடம் மீன் தராசு இருக்கிறது. நாற்றம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்குன்றம் காளான் அக்கா:
எடை மட்டும் போதாது. ஒன்பது குட்டியின் புழுக்கையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். புழு முட்டை எத்தனை என்று எண்ணிச் சொல்வார்கள். இமை வெளுத்த குட்டி இருந்தால் அதுவரை காத்திருக்காமல் டாக்டரைக் கேட்டு இன்றைக்கே மருந்து ஊற்றிவிடுங்கள்.

மணலி மந்தைக்காரன்:
ஒன்று கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கிறது அக்கா. தூள் தின்கிற குட்டிதான் அது.