புதுப்பிப்பு: டிசம்பர் 26 பிறந்தநாள் என்ன ஆயிற்று?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் இருக்கும் அக்கா மகளுக்குப் பிறந்தநாள் டிசம்பர் 26. 2004 சுனாமியில் அவளுடைய அண்ணன் போன தேதியும் அதுதான். கொண்டாட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்றதற்கு, "ஆமாம்" என்றுதான் பலர் சொன்னீர்கள்.

தள்ளிவைக்கவில்லை. "அவன் இருந்திருந்தா தங்கச்சிக்குக் கேக் ஊட்டாமயா இருப்பான்?" என்று அக்கா கேட்டுவிட்டாள். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

தெரியாதவர்களுக்காக: நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பிள்ளைகள் ஏராளம். பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அதை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியது. அக்காவும் செய்துகொண்டாள், அப்படிப் பிறந்தவள்தான் இவள்.

அன்று யாரும் தொழிலுக்குப் போகவில்லை. காலையில் ஊரே கடற்கரைக்குப் போய்ப் பால் ஊற்றிப் பூத்தூவியது. மத்தியானம் அவன் படத்துக்குப் படையல். அவனுக்குப் பிடித்த இறால் தொக்கை அக்கா யாரையும் தொடவிடாமல் தானே செய்தாள். சாயங்காலம் கேக். பாட்டு மட்டும் போடவில்லை. முதல் துண்டைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "அண்ணனுக்கு இப்ப தாடி இருந்திருக்கும்ல?" என்றாள். அக்கா அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

அடுத்த வருஷம் தோழிகளையும் கூப்பிடவேண்டுமாம். அக்கா இன்னும் சரி சொல்லவில்லை.