கிளிகொல்லூரில் இறங்கியவர்கள்

புளியரைக்காரன்:

கொல்லம் துறைமுகம் என்றதும் எல்லோரும் சீனக் கப்பல், மிளகு, தங்கசேரி கலங்கரை விளக்கம் என்று போய்விடுகிறார்கள். எனக்கு அந்த ஊர் என்றால் தங்கள் குஞ்சு முசலியார்தான். முந்திரி ஏற்றுமதியில் பெரிய ஆளாக வந்தவர். அவரை நான் பார்த்ததில்லை. 1966இல் அவர் காலமானபோது நான் பிறக்கவே இல்லை. ஆனால் தொண்ணூறுகளில் நான்கு வருடம் அவர் தொடங்கிய கல்லூரியில் படித்தேன். கேரளத்தில் தனியார் தொடங்கிய முதல் பொறியியல் கல்லூரி அது.

சேர்க்கைக்கு அப்பாதான் கூட்டிப்போனார். பகவதிபுரத்தில் மீட்டர் கேஜ் ரயில். குகை தாண்டி ஆரியங்காவு, கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலம், தென்மலை, புனலூர், குண்டறை, அப்புறம் கிளிகொல்லூர். அங்கே இறங்கினால் கல்லூரி இருக்கிற கரிக்கோடு பக்கம்தான். வண்டியில் அப்பா ஒரு கணக்குச் சொன்னார். 1956 பிப்ரவரியில் ராஜேந்திர பிரசாத் வந்து கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியபோது எங்கள் செங்கோட்டைத் தாலுகாவும் கொல்லம் மாவட்டம்தான். அந்த நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் மதராஸ் மாநிலத்துக்கு வந்துவிட்டோம். 1958 ஜூலையில் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் கல்லூரியைத் திறந்துவைத்தபோது அது அடுத்த மாநிலத்துக் கல்லூரி. “கல்லு போடும்போது நம்ம ஊரு காலேஜுடா அது” என்றார். கோடு மாறியதில் அவருக்குக் கடைசிவரை ஒரு சின்ன வருத்தம் இருந்தது.

பணம் சேர்ந்ததும் நிலம் வாங்கிப் போட்டவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் பொறியியல் கல்லூரி என்று யோசிக்க வேறு மாதிரி மனசு வேண்டும்.

ஆரியங்காவு மாமி:

தம்பி சொன்னது சரி. நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் ஆச்சி கொட்டாரக்கரைப் பக்கம் ஒரு அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தல்லுக்கு, கொட்டை உடைக்கிற வேலைக்குப் போனவள். முதலாளி வேறு ஆள், பெயர் வேண்டாம். வறுத்த அண்டியைக் கல்லில் வைத்துக் கொட்டாப்புளியால் ஒரே தட்டு. ஓடு இரண்டாகப் பிளக்கணும், பருப்பு உடையக்கூடாது. கூலி எடைக்குத்தான். ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் தோலை அரித்துவிடும் என்று கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். அப்படியும் ஆச்சியின் இரண்டு விரல் நுனி கறுத்தேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள், போகாது.

கல்யாண வீட்டில் பாயசம் வந்தால் முதலில் கரண்டியால் கிளறிப் பார்ப்பாள். “முழுசு இல்ல, பிளவுதான் போட்டிருக்கான்” என்று பக்கத்து இலைக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் குடிப்பாள்.

முசலியாரைப் பாராட்டும்போது இந்த விரல்களையும் சேர்த்தே பேசணும் என்று எனக்குத் தோன்றும். கப்பலேறிய டின்னில் இருந்தது இப்படிப் பெண்கள் உடைத்த பருப்புதானே. அதற்காக அவர் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. என் அண்ணன் மகன் அங்கேதான் சிவில் படித்தான். சீட் கிடைத்த கடிதத்தை ஆச்சி கையில் கொடுத்தோம். படிக்கத் தெரியாது, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முசலியார் காலேஜா?” என்று மட்டும் கேட்டாள். பெயர் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

புனலூர் பேப்பர்கடை:

கல்லூரியோடு நிறுத்திவிடாதீர்கள். 1944இல் கொல்லத்திலிருந்து ‘பிரபாதம்’ என்று ஒரு பத்திரிகையும் தொடங்கியவர் அவர். கலைக் கல்லூரி 1965இல் வந்தது, அவர் போவதற்கு முந்தின வருடம்.

புளியரைக்காரன்:

மாமி, நான் படித்த நாட்களில் ஊருக்குத் திரும்பும்போது கொல்லத்தில் கால் கிலோ பருப்பு வாங்கிப் போவேன், எப்போதும் பிளவுதான். முழுசுக்குக் காசு இருக்காது. அம்மா ஒரு தடவைகூட வித்தியாசம் கேட்டதில்லை.

2010இல் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பாதையை மூடி, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்களே, அதற்கப்புறம் ஒரு தடவை மகளோடு போனேன். அவள் பதின்மூன்று கண் பாலத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கிளிகொல்லூர் வரட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நின்றேன். “அப்பா, நமக்குக் கொல்லத்துக்குல்ல டிக்கெட்?” என்றாள்.