முகமாலையில் மிதிவெடி அகற்ற ஏன் இத்தனை வருடம்?

தேடல்:
2009 மே 18இல் இலங்கையில் போர் முடிந்தது. வன்னியின் பல கிராமங்களில் சில வருடங்களிலேயே மிதிவெடிகளை அகற்றி மக்களைக் குடியமர்த்தினார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசலில் இருக்கும் முகமாலை, கிளாலிப் பக்கம் மட்டும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் ஏன் இவ்வளவு காலம் நின்றன? இராணுவத்திடம் வெடி புதைத்த வரைபடங்கள் இருந்தன என்கிறார்கள். உலோகத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரும் இருக்கிறது. பிறகு எங்கே இழுபடுகிறது? காணி கைக்கு வந்த பிறகு உரிமையாளர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டல்வெளி:
ஊரின் நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் நீரேரி, மறுபக்கம் கடல், நடுவில் ஒடுக்கமான ஒரு நிலத்துண்டு. சுற்றி வளைத்துப் போக இடமில்லை; யார் முன்னேறினாலும் நேரே மோதித்தான் ஆக வேண்டும். 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்த பிறகு சண்டை குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதிக்குள் போய்த் திரும்பியது. கடைசியில் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று முன்னரங்கு உறைந்துவிட்டது. 2008 நவம்பர் வரை அது பெரிதாக நகரவில்லை.

2001 ஏப்ரலில் இராணுவம் 'அக்கினி கீல' நடவடிக்கையைத் தொடங்கியது. புலிகள் தங்கள் எதிர்ச்சமருக்கு 'தீச்சுவாலை' என்று பெயர் வைத்தார்கள். முன்னேறிய படையினர் மிதிவெடிகளிலும் ஆட்டிலறியிலும் சிக்கிப் பின்வாங்கினார்கள். 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 நெடுஞ்சாலை திறந்தபோது சோதனைச் சாவடிகள் இருந்ததும் இதே முகமாலையில்தான். பாதையின் இரு பக்கமும் வெடி அப்படியே கிடந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. அந்த ஒக்டோபர் 11இல் நடந்த முன்னேற்ற முயற்சியும் பெரும் இழப்போடு நின்றது. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் இரு தரப்பும் பழைய வெடிக்கு மேலேயும் முன்னேயும் புதிதாகப் புதைத்தன. வன்னியில் சண்டை கடந்துபோன ஊர்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இங்கே சண்டை வருடக்கணக்கில் குந்திக்கொண்டிருந்தது.

விறாண்டி:
வரைபடம் பற்றி: ஒழுங்கான வரிசையில் புதைத்த இடத்துக்கு அது உதவும். ஆனால் வரைபடம் ஒரு அடையாளத்திலிருந்து தொடங்கும்: ஒரு மதகு, ஒரு பனை, ஒரு காப்பரண் மூலை. அந்தப் பனை எறிகணையில் போய்விட்டால் முழுக் கணக்கும் வழுகிவிடும். தொடக்கப் புள்ளி இரண்டு மீற்றர் தவறினால், வெடி இல்லையென்று நினைக்கும் இடத்தில் வரிசை ஓடும்.

டிடெக்டர் ஏன் போதாது? இரண்டு காரணம். சீனத் தயாரிப்பான 'டைப் 72', பாகிஸ்தானின் 'பி4' இரண்டும் பிளாஸ்டிக் உடல். உள்ளே உலோகம் மிகச் சொற்பம். 'பி4'இல் சுமார் 30 கிராம் வெடிமருந்து, 'டைப் 72'இல் சுமார் 50 கிராம். கணுக்காலைக் கொண்டுபோக அது போதும். புலிகள் செய்த 'ஜொனி 95' மரப்பெட்டி. அவர்களுடைய 'ரங்கன் 99'இல் மருந்து 'பி4'ஐ விட அதிகம்.

இரண்டாவது காரணம், மண் முழுக்க எறிகணைச் சிதறலும் தோட்டாக் கோதும். டிடெக்டரின் உணர்வைக் கூட்டினால் அடிக்கு அடி கத்தும். குறைத்தால் வெடியைத் தவறவிடும். அதனால்தான் வடக்கில் விறாண்டி (குப்பை வாரும் பல் வைத்த கருவி) முறை நிலைத்தது. பாதுகாப்பான கோட்டில் நின்று முதலில் ஒரு சிறு பள்ளம் எடுப்பார்கள். பிறகு பள்ளத்தின் முகத்தைப் பாரமான விறாண்டியால் இளக்கி, மெல்லிய விறாண்டியால் மண்ணைத் தங்கள் பக்கம் வாரி எடுப்பார்கள். வெடியின் அழுத்தத் தட்டு மேலே இருக்கிறது. விறாண்டிப் பல் பக்கவாட்டில் வந்து தொடுகிறது. உயிர் காக்கும் சூட்சுமம் அந்தக் கோணம்தான். நீண்ட பிடி தூரத்தைத் தருகிறது. மணலில் இது நன்றாகப் போகும். கோடையில் இறுகிய மண்ணில் பல் வழுக்கி மேலே ஏறும் ஆபத்து உண்டு. தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் தொட வேண்டும், அதில் வேகம் போய்விடும்.

கண்டல்வெளி:
இதோடு மண்ணணைகளையும் சேருங்கள். புல்டோசர் மண்ணைத் தள்ளி அணை கட்டியபோது வெடிகளும் அதோடு புரண்டு ஆழத்துக்குப் போயின. இடிந்த பதுங்குகுழிக்குள் வெடிக்காத எறிகணைகள். அங்கே விறாண்டி எட்டாது. கவசமிட்ட இயந்திரத்தால் தோண்டி, மண்ணைப் பரப்பி, கையால் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த மண்ணை வாரியவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி வெடி அகற்றி முடிக்கக் காலக்கெடு 2028 ஜூன். வேலை முடியும் நாளில் இவர்களுடைய சம்பளமும் நின்றுவிடும். நிலத்தைக் கொடுக்கும் திட்டத்தோடு இவர்களுக்கான தொழிலையும் இப்போதே பேச வேண்டும்.

ஓலைவேலி:
காணி கைக்கு வந்தவர்களுக்கு. 'அகற்றியாயிற்று' என்றால் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை என்று பொருள். உங்கள் காணி எந்த ஆழம் வரை தேடப்பட்டது என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள். கிணறு, மலசலகூடக் குழி, அத்திவாரம் எல்லாம் அதைவிட ஆழம். பழைய அணை அல்லது பதுங்குகுழி இருந்த இடத்தைத் தவிர்த்துக் கிணற்றுக்கு இடம் பாருங்கள். பற்றைக்கு நெருப்பு வைக்க வேண்டாம். கீழே கிடக்கும் எறிகணை சூட்டில் வெடிக்கும். அணை மண்ணை அள்ளி வேறு காணி நிரப்புவதும் அதே ஆபத்துத்தான். சந்தேகமான பொருளைத் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கு அல்லது பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள்.

எல்லை இன்னொரு தலையிடி. வேலியும் அதில் நட்ட கதியால் மரங்களும் போய்விட்டன. அயலவரோடு சேர்ந்து ஒரே நில அளவையாளரை அமர்த்துங்கள். தனித்தனியே அளந்தால் ஆளுக்கொரு கோடு வரும். உறுதி (காணிப் பத்திரம்) தொலைந்திருந்தால் பயப்படாதீர்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியென்றால் பதிவகத்துக்கு அலையாமல் நேரே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள்.

தேடல்:
நன்றி. அணை மண் விஷயம் புதிது. அந்த மண்ணை ஏற்கெனவே பாதைக்குப் போட்டிருந்தால்?

விறாண்டி:
எங்கிருந்து எடுத்தது, எங்கே கொட்டியது இரண்டையும் குறித்துக் கிராம அலுவலர் ஊடாக அறிவியுங்கள். பார்த்து முடியும் வரை அந்த இடத்தில் மண்வெட்டி போட வேண்டாம்.